நாற்பதாவது நிமிடம்

பழைய கணினியைத் தூக்கிப் போட மனசு வராதவர்களை எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் துவான். பிரிக்ஃபீல்ட்ஸில் என் கடை பிழைப்பதே அவர்களால்தான். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போயிருக்கும். கழற்றிவிட்டுப் புதிது வைத்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். கழற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன். நான் ஏமாற்றவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டுமல்லவா.

இராமலிங்கம் கிள்ளானில் அச்சகம் வைத்திருக்கிறார். காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிற கணினியைக் கொண்டுவந்தார்.

"வேல செய்யறப்பவே தானா ஆஃப் ஆகி ஆன் ஆவுது பாஸ். ஆன் ஆவுறப்ப கத்தி ஒரு தடவ கீழ எறங்கிட்டுத்தான் மேல போவுது," என்றார்.

கை மாட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். கை உள்ளே போனால் கத்தியை நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டாம். வேலை தாமதமாகிறது என்று அதன் வயரைக் கழற்றிவிட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் இவர்தான் சூப்பர்வைசர். அங்கேயும் இப்படித்தான் கழற்றினார். என் தம்பி குருவின் கை தகடு அமுக்கும் பிரஸ்ஸில் மாட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். விசாரணையில் இவர், "பையன் அவனாவே வயர புடுங்கிட்டான்," என்று சொல்லிவிட்டார். செத்தவன் எழுந்து வந்து மறுப்பானா? தன் மகன் ஒரு முட்டாள் என்று நம்பியே அப்பாவும் கண்ணை மூடினார். அன்று விசாரணைக்கு அப்பா மட்டும்தான் உள்ளே போனார். நான் வாசலில் நின்று இவர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். என்னை இவருக்குத் தெரியாது.

என்னிடம் செத்த போர்டுகளில் கழற்றிய கெப்பாசிட்டர்கள் உண்டு. பார்க்கப் புத்தம் புதிது மாதிரி இருக்கும், உள்ளே வற்றிப்போனவை. அவற்றை வைத்தேன். கடையிலேயே மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். சூடேறி, சரியாக நாற்பதாவது நிமிடம் அணைந்து எழுந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. அந்த நேரம் கை உள்ளே இருக்கும் என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். தெரியாதுதான். ஆனால் வெட்டுகிறவர் கை பாதி நேரம் கத்திக்கு அடியில்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவரே ஃபோன் செய்தார்.

"சூப்பரா ஓடுது லா பாஸ். நான் மீன் வாங்க பாசாருக்கு வந்துட்டேன், என் மக பிரியாதான் வெட்டிக்கிட்டு இருக்கா. நடுவுல ஆஃப் பண்ணி ரெஸ்ட் கொடுக்கணுமா?"

எத்தனை மணிக்குப் போட்டது என்று கேட்டேன். ஒன்பது என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் இருந்தது.

"ரெஸ்ட்லாம் வேணாம்ணே. ஓடட்டும்," என்றேன்.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சென்சாரை நான் தொடவே இல்லை, துவான். அது இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரியாவின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. இராமலிங்கம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான்தான் தம்பி வயர கழட்டுனேன். என் புள்ள கைய நானே வெட்டிட்டேன்."

பதினோரு வருஷமாக அந்த வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். போர்டில் நான் வைத்ததை அப்போதே சொல்லியிருந்தால் அவர் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"ஆமாண்ணே, நீங்கதான்," என்றேன்.