பட்டர் பாணும் மக்னீசியத் தண்ணியும்

பெற்றிசியா: கையை நீட்டுங்கோ எடித்தக்கா. இண்டைக்கு இது மூண்டாவது ஊசி.

எடித்: இன்னுமோ மிஸ்? இருக்கிற இரத்தமெல்லாம் உங்கட போத்திலுக்குத்தான்...

பெற்றிசியா: சாப்பிட்டு நாலு மணித்தியாலம். இப்ப எடுத்தாத்தான் இரத்தத்தில கொழுப்பு எவ்வளவு ஏறினது எண்டு தெரியும். ஐயோ, நரம்பைக் காணேல்லை.

எடித்: தேடுங்கோ, தேடுங்கோ. நான் எங்க ஓடப்போறன்?

பெற்றிசியா: காலமையில இருந்து இருபது பேருக்குக் குத்தி என்ர கையும் விறைச்சுப் போச்சு.

எடித்: அப்ப நீங்கள் இருங்கோ, நான் உங்களுக்குக் குத்திறன்.

பெற்றிசியா: சிரிப்புக் காட்டாதேங்கோ, ஊசி ஆடுது... இந்த ஆராய்ச்சி செய்யிற டொக்டருக்கு உங்களிலதான் சரியான சந்தோசம்.

எடித்: என்னிலயோ?

பெற்றிசியா: ஓம். பட்டர் பாணும் முட்டையும் சாப்பிட்டா எல்லாருக்கும் ஏறுது. உங்களுக்கு மூண்டு கிழமையா அசையேல்லை. சாப்பாட்டோட தாற மக்னீசியத் தண்ணிதான் மறிக்குது எண்டு நினைக்கிறார்.

எடித்: நல்லதுதானே...

பெற்றிசியா: அந்தத் தண்ணியைக் குடிச்சனீங்கள்தானே?

எடித்: மடு மாதாவாணை, கடைசிச் சொட்டு மட்டும் குடிச்சனான். என்ன கைப்பு...

பெற்றிசியா: பாண்?

எடித்: பஞ்சை வையுங்கோ மிஸ், இரத்தம் வருது.

பெற்றிசியா: பாணைக் கேட்டனான் அக்கா. முகம் வெளிறிப்போய்க் கிடக்கு.

எடித்: அது வெயிலுக்குள்ளால நடந்து வந்தது மிஸ்.

பெற்றிசியா: உங்கட மனிசன் அந்தோனிமுத்தண்ணை கடலுக்குப் போறாரோ?

எடித்: மண்ணெண்ணெய் எங்க கிடக்கு? வள்ளம் ரெண்டு மாசமாக் கரையில. பிள்ளையள் வெறுந்தேத்தண்ணியோட பள்ளிக்கூடம் போகுதுகள்.

பெற்றிசியா: அப்ப...

எடித்: சாப்பிட்டாத்தானே மிஸ் ஏறும்! நீங்கள் அங்கால திரும்பின உடன எல்லாத்தையும் பைக்குள்ள போட்டிடுவன். பின்னேரம் பிள்ளையள் ரெண்டும் வாசலிலயே நிக்குங்கள்.

பெற்றிசியா: டொக்டர் இதைப் புத்தகத்தில எழுதப்போறார் அக்கா. சனம் நம்பிக் குடிக்கும்.

எடித்: எனக்கு அது விளங்கேல்லை எண்டு நினைக்கிறியளோ? ஒவ்வொரு கிழமையும் இனிச் சாப்பிடுவம் எண்டுதான் வாறனான். பாணைக் கையில எடுத்தா அதுகளின்ர முகம்தான்... என்ர பேரை வெட்டிவிடப் போறியளோ?

பெற்றிசியா: வெட்டத்தான் வேணும். டொக்டரிட்ட நானே சொல்லுறன்.

எடித்: அப்ப கிழமைக்கொருக்கா இஞ்ச கிடைக்கிற வியாழக்கிழமைச் சாப்பாடும் போச்சு...

பெற்றிசியா: அழாதேங்கோ. வியாழக்கிழமை பின்கதவால வாங்கோ. மிஞ்சிற பாணில பாதி தாறன்.

எடித்: மிஞ்சிறதைத் திருப்பி அனுப்பிறது எண்டெல்லோ சொன்னனீங்கள்?

பெற்றிசியா: அப்பிடித்தான் டொக்டருக்கும் சொன்னனான்... இவ்வளவு நாளும் என்ர வீட்டுப் பிள்ளையள்தான் சாப்பிட்டதுகள்.