விண்வெளி உடுப்பில் கக்கம் பிடிக்கிறது

முத்துமாரி: இந்த பிளவுஸ்ல என்ன மேடம் கொறை? நல்லாத்தான இருக்கு.

சாதனா: கை கொஞ்சம் டைட்டா இருக்கு... பிரிச்சு விடணும்.

முத்துமாரி: பிரிச்சு விடதுக்கு உள்ள துணியே விடலியே. அதுவுமில்லாம, இங்கன ரெயின்கோட்டு மட்டுந்தான் தைக்கோம். வெளிய போர்டு பாக்கலியா?

சாதனா: பார்த்தேன். அய்யாத்துரை ரெயின்கோட்ஸ்.

முத்துமாரி: எங்கருந்து வாறீங்க?

சாதனா: மாட்டுங்கா. ஸ்டேஷன் பக்கம்.

முத்துமாரி: அங்க டெய்லரே இல்லாம இந்த லேபர் கேம்ப் வரைக்கும் நடந்து வந்தீங்களாக்கும்?

சாதனா: இல்லை... வந்து... இங்க தைக்கறது யாரு? நீ மட்டுந்தானா?

முத்துமாரி: மொதலாளி தாதருக்குத் துணி எடுக்கப் போயிருக்காவ. இப்பம் நான் மட்டுந்தான். முத்துமாரி.

சாதனா: நான் சாதனா. ஐரோலில ஒரு ஸ்டுடியோல வேலை. கம்ப்யூட்டர்ல பொம்மை பண்றோம். படத்துக்கு.

முத்துமாரி: சாதனாவா... சரி. பொம்மைக்கும் பிளவுசு தைக்கணுமா?

சாதனா: என் பொம்மைக்கு ஸ்பேஸ் சூட். இரு, லேப்டாப்பைத் திறக்கறேன்... இதோ. நிலாவுல நடக்கப்போறவ.

முத்துமாரி: ஓ... இது ஃபோட்டோ இல்லியா?

சாதனா: இல்லை. ஒவ்வொரு தையலும் நான் போட்டது.

முத்துமாரி: நூலுகூடத் தெரியுதே. முழங்கால்ல அழுக்கு?

சாதனா: அதுவும் நான்தான். நிலாமண் ஒட்டினா எப்படி இருக்கும்னு பத்து நாள் மெனக்கெட்டேன்.

முத்துமாரி: அழுக்குக்குப் பத்து நாளா! எங்க மொதலாளி கேட்டா மயங்கி விழுந்துருவாவ. நடக்குமா இது?

சாதனா: நடக்கும். பாரு... எங்க டைரக்டருக்குத்தான் பிடிக்கலை. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார். "ஸ்பேஸ் சூட்டா, நைட்டியா?"ன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டார். இந்தத் தடவையும் தேறலேன்னா இந்த கேரக்டர் என் கையை விட்டுப் போயிடும்.

முத்துமாரி: நைட்டின்னது சரிதான்.

சாதனா: என்னது?

முத்துமாரி: இல்ல... உள்ள காத்து இருக்கும்லா?

சாதனா: இருக்கும். வெளில ஒண்ணுமே கிடையாது, வெறும் சூனியம். அதனால உள்ள இருக்கற காத்து துணியைத் தள்ளிண்டே இருக்கும்.

முத்துமாரி: அப்பம் பலூன் கணக்கா நிக்கணும். எங்கண்ணன் மழையில பைக்குல போனா கோட்டுக்குள்ள காத்து ஏறிரும். முழங்கையை மடக்கவே முடியாது அவனுக்கு. சிக்னல்ல மூஞ்சியத் தொடைக்கணும்னாகூட ஒரு மல்லுக்கட்டுதான்.

சாதனா: நிஜமாவா?

முத்துமாரி: பின்ன? உங்க பொம்மை கைய மடக்குனா துணி தொங்குது. காத்து இருந்தா தொங்காது. உள்பக்கம் மட்டும் பொசுக்குனு ஒடியும். ஒடியாம மடங்கணும்னா, ஆர்மோனியப் பொட்டி இருக்குல்லா, அது மாதிரி வரிவரியா மடிப்பு வச்சே தைக்கணும்.

சாதனா: நிஜ சூட்ல அப்படித்தான் இருக்கு! அது அழகுக்குன்னு நினைச்சு மேலாப்புல கோடு போட்டு விட்டுட்டேன்.

முத்துமாரி: அழகுக்கு யாரு இவ்வளவு துணியச் செலவழிப்பா? மேடம், ஒண்ணு கேக்கட்டா... உள்ள மூக்கு அரிச்சா என்ன செய்வாங்க?

சாதனா: ஹெல்மெட்டுக்குள்ள சின்னதா ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். அதுல போய் உரசிக்கணும்.

முத்துமாரி: ஒண்ணுக்கு வந்தா?

சாதனா: டயப்பர்.

முத்துமாரி: சீ! சும்மா சொல்லாதீங்க.

சாதனா: சத்தியமா. ஆறு மணி, ஏழு மணி நேரம்... எல்லாம் அதுக்குள்ளதான்.

முத்துமாரி: பாவம்... இவ்வளவு படிச்சுட்டுப் போயி... சரி, அவ கையத் தூக்கச் சொல்லுங்க.

சாதனா: தூக்கிட்டா.

முத்துமாரி: பாத்தீங்களா? கையோட மொத்த உடுப்பும் மேல ஏறுது. கழுத்து வளையம் தாடையில போயி இடிக்கும். கக்கத்துல துணி பத்தல மேடம். ரெண்டு சமோசாவ ஒட்டி வச்ச மாதிரி ஒரு துண்டு போடணும். பொறவு, முதுகுப் பொட்டிக்குக் கீழ ரெண்டு தையலு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்குல்லா, அதையும்...

சாதனா: முத்துமாரி.

முத்துமாரி: என்ன?

சாதனா: நான் இன்னும் முதுகுப் பக்கத்தைக் காட்டவே இல்லையே.

முத்துமாரி: காட்டலியா?

சாதனா: சொல்லு.

முத்துமாரி: பொதுவாச் சொன்னேன்.

சாதனா: பொதுவாவா! "காஜாபட்டன்"னு ஒருத்தர் நெட்ல நான் போட்ட இந்தப் பொம்மை படத்துக்குக் கீழ ஹிந்தில கமெண்ட் போட்டுண்டே இருந்தா. ஒருநாள் அந்தக் கக்கத் துண்டை மெஷின்ல தைச்சே ஃபோட்டோ போட்டா. பின்னாடி சுவத்துல இந்தக் கடை பேர் போட்ட காலண்டர். அதோ, அதே காலண்டர்.

முத்துமாரி: அய்யோ... கம்ப்ளைன்ட் குடுக்கவா வந்தீங்க? மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும் மேடம்.

சாதனா: பயப்படாதே. கம்ப்ளைன்ட் எல்லாம் இல்லை. நீ எப்படி அந்தப் பக்கம் வந்தே?

முத்துமாரி: எங்கக்கா கல்யாணத்துக்கு சூட் டிசைன் தேடுனேன். சல்வார் சூட்டு. ஸ்பேஸ் சூட்டு வந்துட்டு. சிரிச்சுக்கிட்டேதான் பாத்தேன்... பொறவு கக்கத்தப் பாத்தேன். மனசு கேக்கல.

சாதனா: நாப்பத்தோரு கமெண்ட்.

முத்துமாரி: எண்ணுனீங்களா?

சாதனா: எல்லாரும் "சூப்பர்"னு போட்டுட்டுப் போவா. துணியைப் பார்த்தது நீ ஒருத்திதான். ஒரு மாசமா ஆளையே காணோம்?

முத்துமாரி: மழை வரப்போகுதுல்லா. ஆர்டர் ஜாஸ்தி.

சாதனா: அதுதானா?

முத்துமாரி: ஒருத்தன் எழுதுனான். "ஆர்ட்டிஸ்ட் நைன்"னு பேரு. டெய்லர்னா மெஷின்ல போயி உக்காரு, இங்க வந்து பாடம் எடுக்காதேன்னு... விடுங்க, அவன் கெடக்கான்.

சாதனா: அந்த பிளவுஸைக் கொடு, பையில வச்சுக்கறேன்.

முத்துமாரி: என்ன மேடம், அதுக்குள்ள கெளம்புதீங்களா?

சாதனா: முத்துமாரி, துணி தெரிஞ்ச ஒரு ஆள் எனக்கு வேணும்னு டைரக்டர்ட்ட கேட்டேன். சரின்னுட்டார். மூணு மாசம், சம்பளத்தோட. படத்துல உன் பேரும் வரும். திங்கக்கிழமை ஐரோலி வரியா?

முத்துமாரி: நானா? கம்ப்யூட்டருல கைகூட வச்சது கெடையாது.

சாதனா: எனக்கு மட்டும் துணி தெரிஞ்சுதா?

முத்துமாரி: அங்க... அந்த ஆர்ட்டிஸ்ட் நைனும் இருப்பானா?

சாதனா: இருப்பா. அதைச் சொல்லத்தான் வந்தேன்... வாய் வராம பிளவுஸு, லேப்டாப்புன்னு சுத்திண்டிருக்கேன். டைரக்டர் மூணாவது தடவை திருப்பி அனுப்பின அன்னிக்கு, நீ எழுதினது அத்தனையும் சரின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஆத்திரம். இன்னொரு பேர்ல வந்து அதை எழுதினது நான்தான், முத்துமாரி. மன்னிச்சுடு.

முத்துமாரி: தெரியும் மேடம், நீங்களாச் சொல்லுதீங்களான்னு பாக்கத்தான் இருப்பானான்னு கேட்டேன். உங்க பேரு, அந்தப் பேரு ரெண்டுலயும் எழுதி முடிக்கப்ப நாலு புள்ளி வைக்கீங்க, மத்தவங்க மூணுதான் வைப்பாங்க. வேற எவனும் எழுதிருந்தா நாறடிச்சிருப்பேன்... நீங்கன்னு தெரிஞ்சதுனாலதான் பொறவு எழுதக் கை வரல. சரி, திங்கக்கிழமை ஐரோலிக்குத் தாணேல எறங்கியா ரயில் மாறணும்?