ஆளில்லாத கரை

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் கருவாட்டு வாசத்தோடு இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு பைல்.

"எங்கட கரையில ஆளே இல்லையெண்டு சுத்திப்பாக்க வாற வெள்ளக்காரர் எழுதினது நல்லதாப் போச்சு அக்கா."

"உனக்கென்ன விசரா? ஹோட்டல்காரனும் அதைச் சொல்லித்தானே கரையைக் கேக்கிறான்."

"படம் போடக்குள்ள 'ஆளில்லாத கரை' எண்டு இங்கிலீசில ஹேஷ்டேக் போடுறாங்க. அதைத் தொட்டா, அப்பிடிப் போட்ட எல்லாப் படமும் ஒண்டா வருது. பாருங்க."

மூத்தவள் போனை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள்.

"இது எங்கட மீன்வாடியெல்லோ?"

"ஓம். இந்தா, உங்கட மாமி கருவாடு காயப்போடுறா. பத்து வருசத்துக்கு முந்தின திகதியும் இருக்கு. நாங்க அங்க இருந்ததுக்குக் காணிக் கந்தோரில ஆதாரம் கேட்டாங்கதானே? எல்லாம் பிரின்ட் எடுத்திட்டன்."

மூத்தவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பஸ் பாலாவி தாண்டும்போது போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இவ்வளவு சனத்துக்கு நடுவில நிண்டு படமெடுத்துப்போட்டு, ஆளில்லையெண்டு எழுதியிருக்கிறாங்களே. எங்கள என்னவெண்டு நினைச்சாங்களோ?"