பெயரைப் பென்சிலால் எழுதியவருக்கு

நார்த் டகோட்டாவின் ஹார்லன் மில்ஸ் மனநல மருத்துவமனையில் முப்பத்தோர் ஆண்டுகள் முன்னறையில் அமர்ந்து, வந்தவர் முகம் வாடாமல் வரவேற்று, இன்று பணி நிறைவு பெறும் மூத்த செவிலியரே, எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய ஆர்டிஸ் ஹால்வர்சன் அம்மையாரே, வணக்கம்.

பனி கொட்டிய காலையிலும் பதறாமல் வந்தவரே, பதறி வந்தவரைப் பக்கத்தில் அமர்த்திப் பரிவோடு கேட்டவரே! இப்படி இன்னும் பத்து வரி எழுதி, இரண்டு முறை அடித்துவிட்டோம். திங்கட்கிழமை உங்கள் நாற்காலி காலியாக இருக்கும் என்ற நினைப்பில் அழகாக எழுத வரவில்லை.

நீங்கள் சேர்ந்தபோது நம் மேசையில் இருந்த நோய்ப் பெயர்ப் பட்டியல் ஒரே தாளில் அடங்கியது. இன்று கணினியில் உருட்ட உருட்ட முடிவதில்லை. துக்கம் நீண்டால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. பெயர்கள் பொய் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நாற்பது வருடம் தன்னைச் சோம்பேறி என்று நம்பியிருந்த ஒரு பெண், தன் தொல்லைக்குப் பெயர் கிடைத்த அன்று உங்கள் தோளில் சாய்ந்து அழுதார். ஆனால் பெயர்கள் பெருகிய அளவுக்கு ஊர்ப் பேச்சு குறையவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் இன்றும் பக்கத்து டயர் கடையில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் நடந்து வருகிறார்கள். டயரே வாங்காத இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்று கடைக்காரரும் கேட்பதில்லை.

வருகிறவர்களுக்கு நீங்கள் எழுதும் சீட்டில் இரண்டு வரிகள் உண்டு. வந்தவர் தன் வாயால் சொன்னது முதல் வரி, பேனாவில். நோயின் பெயர் இரண்டாம் வரி, டாக்டர் பார்க்கும்வரை பென்சிலில். "அவங்க சொன்னத அழிக்கக் கூடாது. நாம சொல்றத அழிக்க முடியணும்" என்பீர்கள்.

இதுவரை 'நாங்கள்' என்று வாசித்தேன். இனி நான், வரவேற்பு மேசை கர்டிஸ் பியோர்ன்ஸ்டாட். இந்தப் பகுதியை மற்றவர்கள் இப்போதுதான் கேட்கிறார்கள்.

என் மனைவி ஜனெல் இறந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு மதியம் என் மேசையைச் சுற்றி வந்து உங்கள் எதிரே உட்கார்ந்தேன். "பேரு மட்டும் வச்சிடாதீங்க ஆர்டிஸ். நாளைக்கு நான்தான அந்த மேசைல உக்காரணும்" என்றேன்.

"பேரு இல்லன்னா இன்சூரன்ஸ் காசு தராது. இருந்தா உனக்கு உறுத்தும். ரெண்டும் தெரியும். மொதல்ல என்னன்னு சொல்லு."

"அவ பனி பூட்ஸ் கதவுகிட்ட இருக்கு. தெனமும் எடுத்துப் பனியத் தட்டுறேன். அதுல பனியே இல்ல."

நீங்கள் அதை அப்படியே பேனாவில் எழுதினீர்கள். அந்த வரியைப் படித்துத்தான் டாக்டர் என்னோடு பேச ஆரம்பித்தார். எட்டு மாதமாகச் சென்று வருகிறேன். தூக்கம் திரும்பியது.

ஆனால் டாக்டரைப் பார்க்கும் நாட்களில் நானும் டயர் கடையில் வண்டியை நிறுத்தினேன். என் சொந்த அலுவலகத்துக்கு நடந்து வந்தேன். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "நீ இங்கதானப்பா வேல பாக்குற? உன் வண்டி இங்க நிக்கலன்னாதான் ஊரு சந்தேகப்படும்." அன்று சிரித்தேன். அடுத்த வாரமும் அங்கேதான் நிறுத்தினேன். எத்தனையோ பேருக்கு 'இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை' என்று சொன்னவன் நான். எனக்கு அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை வரும் புதிய கணினித் திரையில் முதல் வரியே பெயர்ப் பட்டியல்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. பூட்ஸை எழுத அதில் இடமில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களைப் பாராட்டும் நாளில் இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள். உங்கள் பழைய சீட்டுகளில் எழுதாத ஒரு கட்டு மட்டும் என் இழுப்பறையில் இருக்கிறது.

அம்மையாரே, உடல் நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், யாரும் எந்தப் பெயரும் கேட்காத நல்ல காலைகள் பலவற்றைக் கண்டு நெடுநாள் வாழுங்கள்.

இங்ஙனம்,
மருத்துவமனை ஊழியர்கள் பதினொருவர். எல்லோரும் பேனாவில்.

வாசித்தவர்: கர்டிஸ் பியோர்ன்ஸ்டாட். இன்று மாலை எனக்கு டாக்டரிடம் நேரம் இருக்கிறது. என் நீல நிற வண்டி, நம் வாசலுக்கு நேரே நிற்கிறது.