மாப்பிள்ளைக்கும் மருந்து உண்டு

இந்தத் தெருவின் சங்கத்துக்குத் தலைவராகவும், தெருவின் ஒரே சேவலுக்குச் சொந்தக்காரராகவும் இரட்டைப் பாரத்தைச் சுமந்து நடுநாற்காலியில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, ஆண்டறிக்கை வாசித்தே அரைமணி நேரத்தை அடக்கம் செய்துவிட்ட செயலாளர் அவர்களே, கொல்லைக் கதவைத் திறந்ததும் கோழி முகத்தில் விழிக்கிற தாய்மார்களே, கோழி வளர்க்காவிட்டாலும் கோழியைப் பற்றிக் கருத்து வளர்க்கிற பெரியவர்களே, இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட மாடிவீட்டு சார் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"கொல்லையிலே ஒரு குதூகலம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழகான தலைப்பு. அதைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, கோழியின் குடலில் வாழும் புழுவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

முகம் சுளிக்கிறீர்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் எச்சம் பார்க்கிறவள் நான். என்னைவிட அதிகமாகச் சுளிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

"கோழி எச்சத்தைக் கொண்டுவாருங்கள், புழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று வாய் தவறி ஒருமுறை சொன்னேன். அன்று தொடங்கியது அன்பளிப்பு. நான் வேலை முடிந்து தெருமுனை திரும்பினால் போதும், இனிப்புப் பெட்டியில் எச்சம், தீப்பெட்டியில் எச்சம், மூக்குக் கண்ணாடிக் கூட்டில் எச்சம். ஒரு புண்ணியவான் என் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துவிட்டுப் போனார். வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதோ, பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது.

சரி, பார்த்தேன். புழு இருக்கிறது என்றேன். டாக்டரிடம் மருந்து வாங்கிக் கொடுங்கள் என்றேன். வாங்கினீர்கள், மறுக்கவில்லை. கொடுத்தீர்களா?

குழாயடி வீட்டுச் சித்தியைக் கேட்டேன்.

"கொடுத்தியா சித்தி?"

"தண்ணில கலந்து வச்சேன்டி."

"குடிச்சுதா?"

"அது எங்க குடிச்சுது? பக்கத்துல குழாய் சொட்டுதுல்ல, அதைக் குடிச்சுட்டுப் போயிடுச்சு. நம்ம கோழி விவரம்."

கோழி விவரம்தான் சித்தி. மருந்துத் தண்ணீர் வைக்கிற அன்று வேறு தண்ணீர் கண்ணில் படக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

பேக்கரிக்காரரைக் கேட்டேன். "நோஞ்சானுக்கு மட்டும் கொடுத்தேம்மா. நல்லாத் திங்குறதுக்கு எதுக்கு மருந்து?" மிச்சம் எங்கே அண்ணே என்றேன். "பத்திரமா வச்சிருக்கேன்." யாருக்கு? "இருக்கட்டுமே, எதுக்கும்."

எதுக்கும் என்றால் எதற்கு? நோஞ்சான் கோழி கண்ணுக்குத் தெரிகிறது. கொழுத்த கோழியின் குடலுக்குள் குடும்பம் நடத்துகிற புழு கண்ணுக்குத் தெரியுமா? ஒரே மண்ணைக் கிளறி, ஒரே தட்டில் கொத்தி, ஒரே கூட்டில் உறங்குகிற கோழிகளில் ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைப் படகில் ஒருவர் மட்டும் குடை பிடிப்பதைப் போன்றது.

என்ன சார்? மருந்துக்குப் பதில் பூண்டு கொடுக்கலாமா என்கிறீர்களா? கொடுங்கள், தப்பில்லை. அது மருந்து செய்கிற வேலையைச் செய்யாது, அவ்வளவுதான்.

இவ்வளவு அலட்சியத்துக்கு நடுவே, சொன்னதைச் சொன்னபடி செய்தவர் ஒரே ஒருவர். கதவோரம் நிற்கும் நம் தையல்கார அக்கா. அவர் சம்மதம் கேட்டுத்தான் பேசுகிறேன். எடை பார்த்து மருந்து கொடுத்தவர் அவர். டாக்டர் சொன்ன இடைவெளியில் மறுபடி கொடுத்தவர் அவர். கூட்டைக் கூட்டி, எச்சத்தை அள்ளி, தீனித் தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தவர் அவர்.

செத்தது யார் வீட்டுக் குஞ்சுகள்? அவர் வீட்டுக் குஞ்சுகள். முதல் ஈடு முழுக்கப் போயிற்று. இரண்டாவது ஈடும், இறக்கை தொங்கி, நெஞ்செலும்பு துருத்தி, ஒவ்வொன்றாகப் போயிற்று.

அப்போது இந்தத் தெரு என்ன சொன்னது? மருந்தில் கோளாறு என்றதா? மண்ணில் கோளாறு என்றதா? இல்லை. "அவங்க கைராசி அப்படி" என்றது. கோழியில் தொடங்கிய பேச்சு துணிக்குத் தாவியது. "புதுத் துணியை அவங்ககிட்ட கொடுக்கணுமா?" என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. யார் என்று சொல்லமாட்டேன். குனிந்து செருப்பைத் தேட வேண்டாம், உட்காருங்கள்.

இப்போது அக்காவின் கோழி மூன்றாவது ஈடு அடையில் இருக்கிறது. இன்றோ நாளையோ பொரிக்கும். "இதுவும் போச்சுன்னா கூட்டைப் பிரிச்சு அடுப்புல போட்டுடுவேன்மா" என்றார். அழவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யோசித்தேன். எல்லா வீட்டிலிருந்தும் எச்சம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஏன் வரவில்லை?

தலைவர் ஐயா, மன்னிக்க வேண்டும். உங்கள் சேவலைத்தான் சொல்கிறேன்.

இந்தத் தெருவுக்கே அவன் ஒருவன்தான் மாப்பிள்ளை. பேரே அதுதானே? யார் வீட்டில் அடை வைக்க நினைத்தாலும் அவன் கூடையில் ஏறி வருவான். சில நாள் தங்குவான், தனித் தட்டில் தின்பான், அடுத்த வீட்டுக்குப் போவான். மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டால், "அவனுக்கு என்ன வியாதி? நெஞ்சை நிமித்திட்டு நடக்குறான் பாரு" என்பார் தலைவர். விருந்துக்குப் போன வீட்டிலும் கொடுக்கமாட்டார்கள். வந்த மாப்பிள்ளைக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா? எல்லோருக்கும் சொந்தம் என்பதால் யாருக்கும் பொறுப்பு இல்லை.

ஐயாவின் கொல்லையில் அவன் உறங்கும் கொம்புக்குக் கீழே நானே போய் அள்ளிவந்தேன். கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தால், அம்மாடி, கடுகு கொட்டியதைப் போலப் புழுமுட்டை.

புழுமுட்டை விழுந்த அன்றே விஷமாகிவிடாது. ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்ற வேண்டும். கோழிமுட்டை பொரிய எவ்வளவு நாள்? அதே மூன்று வாரம். மாப்பிள்ளை விட்டுப்போனது மண்ணில் முற்றுகிறது. குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து அதே மண்ணைக் கொத்துகிறது. பெரிய கோழி தாங்கும். குஞ்சு தாங்குமா?

மற்ற வீடுகளில் கூட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரை, கழுவிவிட்டீர்கள். அக்கா வீட்டில் மரநிழலில் வெயில் எட்டாத மண்தரை. குற்றம் கையிலா, தரையிலா? ராசியிலா, ஈரத்திலா? அக்காவிடமா, நம் எல்லோரிடமுமா?

ஆகவே கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில், எல்லா வீட்டிலும், எல்லாக் கோழிக்கும் மருந்து. கோழிக்கு ஒரு வீடு, புழுவுக்குத் தெருவெல்லாம் வீடு. ஆளுக்கொரு நாள் கொடுத்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அக்கா வீட்டு மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க ஆள் வேண்டும். மரக்கிளையைக் கழிக்க வேண்டும். புதுக் குஞ்சுகள் மண்ணில் இறங்காமல் வளர, உலர்ந்த மரத்தூள் பரப்பிய பலகை வேண்டும்.

முட்டை சாப்பிடலாமா என்கிறார் மாடிவீட்டு சார். டாக்டர் சொல்கிற நாள்வரை வேண்டாம் சார். இத்தனை நாள் புழுவைப் பொறுத்த நாம் முட்டை வரும்வரை பொறுக்கக் கூடாதா?

பேக்கரி அண்ணன் கை தூக்குகிறார். சித்தி, குழாயை மூடுவாயா? மூடுகிறாராம். நன்றி.

தலைவர் ஐயா ஏதோ சொல்கிறார்... மைக்கைக் கொடுக்கிறேன், இதிலேயே சொல்லுங்கள் ஐயா. வேண்டாமாம், நானே சொல்லிவிட வேண்டுமாம். "மாப்பிள்ளைக்கும் கொடுத்துடும்மா. ஆனா அவன் கொத்துவான். என்னால பிடிச்சுக் கொடுக்க முடியாது, தெருவுல யாராலயும் முடியாது." கொஞ்சம் இருங்கள், இன்னும் சொல்கிறார். "தையல்கார அம்மாகிட்டதான் அவன் சும்மா இருப்பான். அவங்க கையாலேயே கொடுக்கச் சொல்லு."

அக்கா, கேட்டதா? ஞாயிற்றுக்கிழமை முதல் மருந்து உங்கள் கையால்.

இதற்கு மேல் நான் பேசினால் அது புழுவைவிட மோசம். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையிழந்தும் எழுந்து போகாதவர்களுக்கும் நன்றி. தயவுசெய்து இனி எச்சத்தை ஆஸ்பத்திரியில் கொடுங்கள். வணக்கம்.