தையலைப் பிரித்த கைகளுக்கு அறுவைப் பிரிவினர் வழங்கும் மடல்

எங்கள் பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ஜெயபுஷ்பம் சிஸ்டர் அவர்களே!

கத்தி படுமுன்னும் பட்டபின்னும் கண்ணயராது காத்து நின்ற காவலே! மயக்கம் தெளிந்து மருண்டு விழித்தோர் முதன்முதலில் கண்ட முகமே! ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோல் பதனிடும் டேனரிகளின் சங்கு கேட்கும் தெருக்களிலெல்லாம், "புஷ்பம் சிஸ்டர் இருக்காங்களா? அப்ப ஆப்பரேஷனுக்கு வர்றோம்" என்று சொல்ல வைத்த பெருந்தகையே! பணி நிறைவு பெறும் இந்நாளில், தங்களுடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இத்தகைய மடல்களில் 'அஞ்சா நெஞ்சம் படைத்தவரே' என்று எழுதுவது மரபு. நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம். அதைப் படித்த ஸ்டாஃப் நர்ஸ் ஜெபராணி, "யாரப் பத்தி எழுதியிருக்கீங்க? சிஸ்டர் மாதிரி பயப்படறவங்கள நான் பார்த்ததே இல்ல" என்றார். மறுபேச்சின்றி அந்த வரியை அடித்தோம். தங்களைப் பற்றிய உண்மை அதுதான், அம்மா. அஞ்சியே பணி செய்தீர்கள். அந்த அச்சத்தால் பிழைத்தவர்கள் இந்த வட்டாரம் முழுவதும் இருக்கிறார்கள்.

நர்ஸ் என்றால் ஊசியும் மாத்திரையும் படுக்கை விரிப்பும் என்றே உலகம் எண்ணியிருந்த காலத்தில், நம் தலைமை அறுவை மருத்துவர் டாக்டர் கிருபானந்தம் அவர்கள் தங்களை வேறு வழியில் பழக்கினார். அறுவை மேசையில் எதிர்ப்புறம் நின்று துணை செய்யவும், புண்ணைத் திறந்து பார்த்துக் கட்டவும், வடிகுழாயை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கவும், மருத்துவர் அருகில் இல்லாத வேளையில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று முடிவெடுக்கவும் கற்பித்தார். அப்பொறுப்புக்கு அந்நாளில் ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயரில்லாத பொறுப்பை ஏற்றவருக்குப் பாதுகாப்பும் இல்லை என்பதை எழுபத்தெட்டாம் ஆண்டில் ஒரு பிற்பகல் எங்களுக்குக் காட்டியது.

பேரணாம்பட்டில் பீடி சுற்றும் அன்வரி பேகத்துக்குக் கழுத்தில் பெரிய கட்டி. அன்று காலை டாக்டர் அதை அகற்றினார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததால், மதிய உணவுக்குப்பின் மருத்துவமனை ஜீப்பில் மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்டுப்போனார். அந்தப் பெண்ணின் கணவர், டேனரித் தொழிலாளி வாஹித் பாஷா, தம் தோழர்களுடன் மருத்துவமனை வேப்பமரத்தடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். கழுத்துக் கட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. கவலைக்கு இடமே இல்லை என்று வார்டில் எல்லோரும் நினைத்தோம்.

தாங்கள் நினைக்கவில்லை. அன்வரி பேகம் தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார முயல்வதைக் கண்டு அருகே சென்றீர்கள். "கழுத்த யாரோ புடிக்கிறாங்க சிஸ்டரம்மா" என்றார் அவர், பாதிக் குரலில். கட்டின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தீர்கள். கழுத்து கல்லாக இறுகியிருந்தது. வெளியே ஒரு சொட்டுகூட வராமல் உள்ளே இரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது.

வார்டு உதவியாளர் பஞ்சாட்சரம் பிரசவப் பகுதிக்கு ஓடினார். அங்கிருந்த டாக்டரம்மா வேறொரு தாயின் வயிற்றைத் திறந்து அறுவையின் நடுவில் இருந்தார். "கைய எடுக்க முடியாதாம் சிஸ்டர்!" என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்தார் பஞ்சாட்சரம். கணக்கர் ஞானசீலன் மோட்டார் சைக்கிளில் மாதனூருக்குப் பறந்தார். அதற்குள் அன்வரி பேகத்தின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சும் துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் சத்தமிட்டது.

"ராணி, கத்திரி எடு. தையலப் பிரிக்கணும்" என்றீர்கள்.

"வேணாம் சிஸ்டர்! டாக்டர் வந்துடட்டும். ஏதாவது ஆய்ட்டா நம்மளத்தான் சொல்வாங்க" என்றார் ஜெபராணி.

"டாக்டர் வர்ற வரைக்கும் இவ இருக்க மாட்டா."

அப்போது தங்கள் கை நடுங்கியதை ஜெபராணி கண்டார். முழங்கையைக் கட்டிலின் கம்பியில் ஊன்றி நடுக்கத்தை அடக்கிக்கொண்டு தோலின் தையல்களை ஒவ்வொன்றாக வெட்டினீர்கள். மூச்சு திரும்பவில்லை. அடியில் தசையைச் சேர்த்திருந்த தையலையும் வெட்டினால்தான் உண்டு. ஒரு கணம் கண்ணை மூடி, "கர்த்தாவே" என்று மட்டும் சொல்லி அதையும் வெட்டினீர்கள். ஈரல் துண்டுபோல் உறைந்த இரத்தம் தங்கள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே வந்தது ஒரு நீண்ட மூச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் வாஹித் பாஷா வாசலுக்கு வந்தார். அவர் கண்டது பிளந்த கழுத்தையும் இரத்தம் வழியும் தங்கள் கைகளையுமே.

"அய்யோ, என் பொண்டாட்டி கழுத்த அறுத்துட்டாங்களே! இன்னா பண்றீங்க அவள!"

அந்த அலறலில் மரத்தடியே திரண்டு வந்தது. கதவில் முட்டினார்கள்; சன்னல் கண்ணாடி உடைந்தது. பஞ்சாட்சரம் இரு கைகளையும் விரித்து வாசலை மறித்து நின்றார். ஓடினால் தாங்கள் தப்பலாம்; ஆனால் திறந்த புண்ணில் துணியை வைத்து அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்தால் இரத்தம் பீறிட்டு அந்தப் பெண் இறப்பார். அசையவில்லை தாங்கள்.

"பாயி, நீங்க மட்டும் உள்ள வாங்க. பக்கத்துல வாங்க. அவ மூச்சக் கேளுங்க" என்றீர்கள்.

அவர் வந்தார். குனிந்தார். மனைவியின் வாயருகே காதை வைத்தார். பிறகு எழுந்து, தாமே கதவுக்குப் போய், "சும்மா இருங்கடா! உசுரு இருக்குது. யாரும் உள்ள வராதீங்க" என்று கத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

புழுதி படிந்த உடையோடு டாக்டர் வந்து சேரும்வரை தாங்கள் அந்தக் கையை எடுக்கவில்லை. அவர் அறுவை அறைக்குக் கொண்டுபோய், கசிந்த இரத்தக் குழாயைக் கட்டி மறுபடி தைத்தார். அன்வரி பேகம் பிழைத்தார்.

ஆனால் தங்கள் சோதனை அன்றுதான் தொடங்கியது. நர்ஸ் ஒருவர் நோயாளியின் கழுத்தைத் திறந்தார் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. நிர்வாகக் குழு விசாரணை வைத்தது. முடிவு வரும்வரை அறுவை வார்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லித் தங்களைத் துணி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த தங்களைப் பார்க்க வந்த ஜெபராணியிடம் தாங்கள் சொன்னதை, தங்கள் அனுமதியின்றி இன்று இந்தச் சபையில் சொல்கிறோம்.

"வேலை போய்டும்னு பயம் இருக்குது ராணி. அதவிட இன்னொரு பயம். மறுபடியும் இப்படி ஒருத்தி மூச்சுக்குத் தவிச்சா, எனக்குக் கை வருமா? இந்தக் கமிட்டிக்காரங்கள நெனச்சு நான் நின்னுட்டா?"

குழுவில் மூத்தவர் ஒருவர், "நாளைக்கு எல்லா நர்சும் கத்தியத் தூக்கினா யார் பொறுப்பு?" என்று கேட்டார். டாக்டர் கிருபானந்தம் எழுந்து, "நான் பொறுப்பு. இப்படி ஆனா எனக்காகக் காத்திருக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தவன் நான். அவங்க காத்திருந்தா நான் வந்து பொணத்தத்தான் பார்த்திருப்பேன்" என்றார். முடிவில் தங்களை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பயிற்சி பெற்ற அறுவைப் பிரிவு நர்சுகள் உயிராபத்தில் மருத்துவருக்காகக் காத்திராமல் செயல்படலாம் என்பதும் அன்றுமுதல் நம் மருத்துவமனையின் விதியானது. இன்று நாங்கள் துணிந்து நிற்கும் தரை, தாங்கள் நடுங்கி நின்று பெற்றுத் தந்தது!

'எனக்குக் கை வருமா?' என்று துணி அறையில் தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துக் குடியாத்தத்து நெசவாளர் ஒருவருக்கு அதே விபரீதம் நேர்ந்தது. தங்களுக்குக் கை வந்தது. முடிந்தபின் பின்கட்டுக்குச் சென்று வாந்தி எடுத்தீர்கள். முகம் கழுவிக்கொண்டு வந்து அவருடைய மனைவிக்குக் காப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னீர்கள்.

அறுவைக்குப் போகும் எவரிடமும் 'பயப்படாதீங்க' என்று தாங்கள் சொன்னதில்லை. டேனரியின் சுண்ணாம்புக் குழியில் கைவெந்த தொழிலாளியானாலும், வயிற்றுக் கட்டியோடு வந்த விவசாயக் கூலிப் பெண்ணானாலும், தள்ளுவண்டியோடு நடந்தபடியே, "பயமாத்தான் இருக்கும். எனக்கும் பயம்தான். அதனாலதான் பக்கத்துலயே இருக்கப் போறேன்" என்பீர்கள். பொய் ஆறுதலைவிட அந்த மெய்யச்சம் அவர்களைத் தேற்றியதை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

இனி எங்கள் அச்சத்தைச் சொல்ல வேண்டும். தாங்கள் இல்லாத வார்டை எங்களால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. கட்டு வெள்ளையாக இருக்கிறது என்று நாங்கள் ஏமாந்துவிடுவோமோ? ஒரு மூச்சின் ஓசை மாறுவதைக் கேளாமல் விட்டுவிடுவோமோ? இந்தக் கேள்விகளோடுதான் மாலையும் கையுமாகத் தங்கள்முன் நிற்கிறோம். நன்றி சொல்ல வந்த வாய் நடுங்குகிறது, பொறுத்தருள்க.

இன்று காலை டாக்டர் ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் அறுவை செய்தார். இம்மடல் வாசிக்கப்படும் இந்நேரம் தங்கள் பார்வை மேடையில் இராது, வார்டுப் பக்கமே இருக்கும் என்பதை அறிவோம். எழுந்து போய்ப் பார்க்கத் துடிப்பீர்கள். வேண்டாம், அம்மா. ஜெபராணி விழாவுக்கு வர மறுத்துவிட்டார். "பயமா இருக்குதா?" என்று கேட்டோம். "கை சில்லுனு ஆய்ட்சி. ஆனா இங்கருந்து நகர மாட்டேன்" என்றார். ஆகவே இந்த ஒரு மாலை மட்டும் தாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டுகிறோம்.

இனிவரும் ஆண்டுகளில் நிம்மதியான உறக்கமும், நோயற்ற உடலும், பேரப்பிள்ளைகளின் கூச்சலும் தங்களைச் சூழட்டும்! இத்தனை பேருக்கு மூச்சைத் திருப்பித் தந்த ஆண்டவர், தங்கள் மூச்சை நெடுங்காலம் நலமாய்க் காப்பாராக!

என்றும் தங்கள் அன்புக்குக் கடன்பட்ட,
அறுவைப் பிரிவு ஊழியர்கள்
ஆம்பூர், மே 1986

டாக்டர் கிருபானந்தம்
ஞானசீலன், கணக்கர்
பஞ்சாட்சரம், வார்டு உதவியாளர்
மற்றும் வார்டு, அறுவை அறைப் பணியாளர்கள் அனைவரும்
ஜெபராணி, ஸ்டாஃப் நர்ஸ் (நோயாளியின் பக்கத்தில் இருக்கிறார்)