நல்லுறவுக் குழுத் தலைவி

வெல்லாவெளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரே தையல் தொழிற்சாலையின் நீலச் சட்டை போட்ட, வேலை முடிந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் சொன்னாள்:

“உறவ வளர்க்கிற எண்டு கூட்டம் வச்சாங்க புள்ள. இப்ப என்னோட ஒருத்தியும் கதைக்கிறல்ல.”

மற்றவள் வேறு பகுதியில் வேலை செய்பவள் போல. “ஏனக்கா, என்ன நடந்த?”

“குறையிருந்தா பயப்பிடாமச் சொல்லுங்க எண்டார் மனேஜர். கக்கூசுக்குப் போறதுக்கும் சூப்பவைசரிட்ட அட்டை வாங்க வேண்டியிரிக்கு, வெக்கமா இரிக்கு எண்டன்.”

“நல்லாத்தானே கேட்டிரிக்கிங்க. அட்டைய நிப்பாட்டினாங்களா?”

“எங்க நிப்பாட்டின! எல்லாரும் கை தட்டினாங்க. என்னய நல்லுறவுக் குழுவுக்குத் தலைவியாக்கி, மாலையும் போட்டு, அந்த அட்டைய என்ட கையில தந்திட்டார். ‘இனி உங்கட அக்காட்டக் கேளுங்க, அதுல என்ன வெக்கம்’ எண்டு சொல்லிட்டுப் போயிட்டார்.”

இளையவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அப்ப உங்களுக்கு லேசுதானே. நினைச்ச நேரம் போகலாம்.”

“எப்பிடிப் போற? நான் எழும்பினா முழு லைனும் நிமிந்து பாக்குது. அதால வேலைக்குப் போனா நான் தண்ணியே குடிக்கிறல்ல.”

பட்டிருப்புப் பாலம் தாண்டியதும் மூத்தவள் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். அது நிறைந்திருந்தது. ஒரே மூச்சில் முழுவதையும் குடித்து முடித்தாள்.